மூன்றாம் மாடியின் வாசனை

தராசம்மா சீட்டைப் பிரித்து இரண்டு முறை படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறை படித்தார்.

"பதினேழாம் நம்பர் தட்டு எந்த மாடின்னு தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் எந்த எண் எந்த மாடி என்று அவர் மட்டும் எழுதி மடித்து வைத்த அந்தச் சீட்டே. நான் கொண்டுவந்த குழாய்களில் இருந்த பெயர்களைக் கிழித்துவிட்டு, தன் கையால் வெறும் எண்களை ஒட்டியவர் அவர். எண்ணுகிறவளுக்கு எது யாருடையது என்று தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பார். எங்கள் பரிசோதனைக்கூடத்தின் தலைவியான அவருக்குத் தராசம்மா என்ற பெயர் சும்மா வரவில்லை. சொந்தத் தம்பி கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீரையே குடிக்க லாயக்கில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்.

"மூணாவது மாடி" என்றார்.

பதினேழாம் தட்டை அன்று காலை நான்தான் பார்த்தேன். புள்ளிகளை எண்ணப் பேனாவை எடுத்து, எண்ணவே முடியாமல் கீழே வைத்தேன். தட்டு முழுக்க ஒரே பச்சைப் படலம். நாலாவது மாடிக்காரர் மறுபடியும் துடைக்காமல் தூங்கிவிட்டார் போல என்று மனதுக்குள் சிரித்துக்கூட இருந்தேன்.

மூன்றாம் மாடியைத் துடைப்பவர் என் மாமியார்.

"துடைக்கிறதுக்கு முன்னாடி எடுத்த குழாயையும் பின்னாடி எடுத்த குழாயையும் மாத்திட்டியா?" என்று கேட்டார் தராசம்மா. மாற்றவில்லை. முன்னது சிவப்பு மூடி, பின்னது வெள்ளை மூடி. என் குச்சிகளிலேயே அழுக்கு இருந்ததா என்றார். எங்கும் தேய்க்காத குச்சி ஒன்றையும் தனித் தட்டில் தடவி வளர்த்திருந்தோம். அந்தத் தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை.

அப்படியானால் அந்தத் தட்டு சொல்வது ஒன்றுதான். மூன்றாம் மாடி லிஃப்ட் பொத்தானில், துடைப்பதற்கு முன் ஐம்பத்திரண்டு புள்ளிகள். துடைத்த பிறகு எண்ணிலடங்காதவை.

எங்கள் வேலையைச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வரும். ஊரார் கை படும் இடத்தையெல்லாம் ஈரப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துக்கொண்டு வருவது என் வேலை. கதவுப் பிடி, படிக்கட்டுக் கைப்பிடி, குடிதண்ணீர்க் குழாய், மீட்டிங் அறை மேஜை. எடுத்ததை ஊட்டமுள்ள தட்டில் தடவி, கதகதப்பான பெட்டியில் ஒரு நாள் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு கிருமியும் பெருகிப் பெருகி ஒரு புள்ளியாக முளைத்து நிற்கும். புள்ளியை எண்ணினால் கிருமியை எண்ணிய மாதிரி. துடைப்பதற்கு முன் எத்தனை, பின் எத்தனை? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் துடைத்தவரின் மார்க்.

பதினேழாம் தட்டு வந்த அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் இருப்பதெல்லாம் சின்னச் சின்ன ஆபீஸ்கள். லிஃப்டும் படியும் கழிவறையும் எல்லோருக்கும் பொது. போன குளிர்காலத்தில் பாதி ஆட்கள் காய்ச்சலில் படுத்ததும் ஆபீஸ்காரர்களின் கமிட்டி கூடி, சுத்தம் சரியில்லை, மெஷின் வைத்திருக்கும் வெளிக் கம்பெனியைக் கூப்பிடலாம் என்றது. கட்டட மேனேஜர் நல்ல மனிதர். அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எங்களிடம் வந்தார். நிபந்தனை எளிது. துடைத்த பிறகு ஒவ்வொரு மாடியிலும் நூற்றுக்கு எண்பதாவது குறைந்திருக்க வேண்டும். ஒரே ஒரு மாடி தவறினாலும் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வெளிக் கம்பெனிக்குச் சம்மதம் கொடுத்துவிடுவார்கள். துப்புரவு ஆட்கள் ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த ஆறு பேருக்குத் தலைவி என் அத்தை. பதினொரு வருட வேலை. கட்டடமே அவரைக் 'கண்ணாடியம்மா' என்றுதான் கூப்பிடும். அவர் துடைத்த மேஜையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். மற்ற மாடிகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மூன்றாவதை மட்டும் யாருக்கும் விடாமல் தானே வைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் அங்கே திறந்ததும் பழம் பிழிந்ததுபோல மெல்லிய இனிப்பு வாசனை ஒன்று வரும். அதற்காகவே மூன்றாம் மாடியில் இறங்கிப் படியேறிப் போகிறவர்கள் உண்டு.

மாமியார் வேலை பார்க்கும் கட்டடம் என்று முதல் நாளே தராசம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதனால்தான் எண்கள், சீட்டு எல்லாம்.

திங்கட்கிழமை நான் குச்சிகளோடு போனபோது அத்தை என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "வாங்க மேடம்" என்றார், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு. காலையில் அதே வாயால், சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போகிறேன் என்று தெருமுனை வரை கத்திக்கொண்டே துரத்தி வந்தவர்.

நாலாவது மாடிக்காரரின் பட்டப்பெயர் 'நாளைக்கு'. எதைச் செய்யச் சொன்னாலும் அவர் சொல்லும் பதில் அது. நான் ஒவ்வொரு மாடியிலும் பத்து இடங்களில் கண்ணுக்குத் தெரியாத மைப்புள்ளி வைத்திருந்தேன். ஊதா விளக்கு அடித்தால்தான் ஒளிரும். துணி பட்டால் போய்விடும். துடைத்தார்களா, துடைத்ததாகச் சொன்னார்களா என்பதற்கு அதுதான் சாட்சி. அவருடைய மாடியில் பத்தில் நாலு புள்ளி அப்படியே மினுங்கியது. அத்தையின் மாடியில் ஒன்றுகூட இல்லை. கதவுக்குப் பின்னால், யாரும் தொட நினைக்காத மூலையில் வைத்த புள்ளியைக்கூடத் துடைத்திருந்தார்.

அதுதான் எனக்குப் புரியவில்லை. துடைக்காத மாடியில் கிருமி குறைந்திருக்கிறது. அங்குலம் அங்குலமாகத் துடைத்த மாடியில் பெருகியிருக்கிறது.

செவ்வாய் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அத்தை தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை பொறுத்தவர், டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"எத்தனை மார்க்?"

"கூட்டத்துக்கு முன்னாடி சொல்லக் கூடாது அத்தை."

"நூறா, தொண்ணூறா? அதை மட்டும் சொல்லு."

நான் கால் கழுவப் போனேன். என் கணவர் பின்னாலேயே வந்து, என்ன ஆச்சு, முகம் பேயறைந்த மாதிரி இருக்கிறதே என்றார். சொன்னேன். அவர், வெள்ளிக்கிழமை தனக்கு வெளியூரில் வேலை வந்துவிடும் போலிருக்கிறது என்றார். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் ஏதாவது வந்தால் அவருக்கு வெளியூரில்தான் வேலை வரும்.

புதன்கிழமை தராசம்மாவின் அனுமதியோடு மறுபடி போனேன். இந்த முறை குச்சியைவிடக் கண்ணைத்தான் நம்பிப் போனேன். அத்தை வேலை செய்வதை முதலிலிருந்து கடைசி வரை பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாகச் செய்தார். துணியை எட்டாக மடித்து, ஒரு இடத்துக்கு ஒரு முகம் என்று திருப்பித் திருப்பித் துடைத்தார். சுத்தமான இடத்தில் தொடங்கி அழுக்கான இடத்தில் முடித்தார். மேலிருந்து கீழே. மருந்துத் தண்ணீரைத் தெளித்தவுடன் துடைக்காமல், அது வேலை செய்ய நேரம் கொடுத்தார். ஒரு தப்பும் இல்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

துடைத்து முடித்து, சாமான் அறைக்குப் போனோம். அத்தை தெளிக்கும் நீலப் பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருந்தது. கேனில் இருந்த புது மருந்தைக் கொஞ்சம் ஊற்றி, மீதியைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பி, மூடியைத் திருகினார்.

"அத்தை, பழசு மிச்சம் இருக்கே?"

"இருக்கணும்மா."

"கழுவிட்டுப் புதுசா ஊத்தலாமே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கா என் மகனைக் கட்டி வைத்தேன் என்ற வருத்தம் தெரிந்தது.

"உறைமோரை யாராவது கழுவி ஊத்துவாங்களா? அடியில கொஞ்சம் பழசு இருந்தாத்தான் புதுசு அதோட சேர்ந்து ஊறும். மூணாம் நாள் ஒரு வாசனை வரும் பாரு, அப்பத்தான் மருந்து ஏறியிருக்குன்னு அர்த்தம். பழசுல வீரியம் இருக்கிறதால புது மருந்து பாதி போட்டாப் போதும். கேன் சீக்கிரம் தீராது. இந்தப் பக்குவம் எனக்கு மட்டும்தான் தெரியும். 'நாளைக்கு'க்குச் சொல்லிக் குடுத்தா, மிச்சத்தைத் தூக்கிட்டு யாரு கீழ வர்றதுன்னு சிங்க்ல கொட்டிட்டுப் போறான், வீணாப்போனவன்."

"எத்தனை நாளா அத்தை இப்படி?"

"நாளா? உன் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து. ஆறு வருஷம் இருக்கும். இந்தப் பாட்டில் ஒரு நாள்கூட காலியானது இல்ல."

அவர் அதைப் பெருமையோடு சொன்னார். பள்ளியில் ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளையைப் பற்றித் தாய் சொல்வதுபோல இருந்தது.

மருந்து நீர்த்துப் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். சொத்தைக் கிருமியெல்லாம் செத்துவிடும். சாகாத கெட்டி ஒன்றிரண்டு தப்பிக்கும். பாட்டிலைக் காலி செய்து கழுவினால் அவையும் போயிருக்கும். கழுவாமல் மேலே மேலே ஊற்றினால், கொல்ல வந்த மருந்துக்குள்ளேயே அவை குடித்தனம் போட்டுவிடும். ஆறு வருடக் குடித்தனம். அதைத்தான் என் அத்தை தினமும் எட்டு மடிப்புத் துணியில் நனைத்து, ஒரு மூலை விடாமல், மூன்றாம் மாடி முழுக்கப் பூசிக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு குழாயில் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "நிறைய வேணும்னாலும் எடுத்துக்கோ. குறையாது" என்றார்.

வியாழக்கிழமை காலை பெட்டியைத் திறந்தபோது தராசம்மாவே ஒரு அடி பின்வாங்கினார். பாட்டில் தண்ணீரை நூறில் ஒரு பங்காகக் கரைத்து, அதில் ஒரே ஒரு துளி இட்ட தட்டு. இலையை அரைத்துப் பூசியதுபோலப் பச்சை. செவ்வாய்க்கிழமை பதினேழாம் தட்டில் பார்த்த அதே பச்சை.

"கூப்பிடு உங்க அத்தையை. கூட்டத்துல வெச்சு நாலு பேர் முன்னாடி தெரியறதைவிட இங்க தெரியட்டும்" என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அத்தை வந்தார். எங்கள் இடம் அந்தக் கட்டடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். மடியில் பையை வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். உட்காரும் முன் நாற்காலியை விரலால் தொட்டுப் பார்த்ததை நான் கவனித்தேன். தராசம்மா மூன்று தட்டுகளை அவர் முன் வைத்து, இது துடைக்கும் முன், இது துடைத்த பின், இது உங்கள் பாட்டில் என்று சொன்னார்.

அத்தை முதலில் சிரித்தார். தட்டுகளை இடம் மாற்றி வைத்துவிட்டீர்கள் என்றார். இல்லை என்றதும் சிரிப்பு நின்றது. கை தவறி வேறு யாருடைய மாடியோ சேர்ந்துவிட்டது என்றார். அதுவும் இல்லை என்றதும் என் பக்கம் திரும்பினார்.

"என்மேல கோவம் இருந்தா வீட்டுல காட்டுறது. நாலு பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறது. இப்படி என் வேலையிலயா கை வெப்ப?"

நாலு வருடமாக ஒரே சமையலறையில் புழங்கியிருக்கிறோம். உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டிருக்கிறோம். இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

தராசம்மா மூன்றாவது தட்டை மட்டும் அத்தையின் பக்கம் நகர்த்தினார். மூடி மூடியபடிதான் இருந்தது. ஆனால் தட்டு மூடிகள் அத்தனை இறுக்கமானவை அல்ல.

அத்தையின் மூக்கு விரிந்தது. குனிந்தார். ஒரு முறை மோந்தார். முகத்தில் இருந்த கோபம் வழித்து எடுத்ததுபோலப் போய்விட்டது. மறுபடி குனியப் போனவரைத் தராசம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"இது என் வாசனை" என்றார் அத்தை.

"உங்க வாசனை இல்லம்மா. அதுங்க வாசனை" என்றார் தராசம்மா.

அத்தை தன் கைகளைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கை, புறங்கை, நகக்கண். பிறகு அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றிலேயே வைத்திருந்தார்.

"ஆறு வருஷம். அந்த வாசனைக்காக எத்தனை பேர் நின்னு மூச்சு இழுத்துட்டுப் போனாங்க. யாருக்காவது ஏதாவது ஆகியிருக்குமா?"

திடகாத்திரமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்று தராசம்மா விளக்கினார். புண் இருப்பவர்கள், கண்ணில் ஆபரேஷன் செய்தவர்கள், உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், இவர்களுக்குத்தான் ஆபத்து. யாருக்கும் ஒன்றும் ஆகவே இல்லை என்று அவர் சொல்லவில்லை. தராசம்மா தேறுதலுக்காகக்கூட எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்ல மாட்டார்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. உறைமோர். ஒரு வீட்டில் நல்ல உறை இருந்தால் அது அந்த வீட்டோடு நிற்பதில்லையே.

"அத்தை, இதுல வேற யாருக்காவது கொஞ்சம் குடுத்தீங்களா?"

அவர் விரலை மடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு விரலுக்கும் அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. தையல் பள்ளியில் பெருக்கும் பெண்ணுக்கு ஒன்று. நூலகத்து வாட்ச்மேன் மனைவிக்கு ஒன்று. எதிர்க் கட்டடத்துக் கிளினிக்கில் வேலை பார்க்கும் சிநேகிதிக்கு ஒன்று.

"கிளினிக்கா?" என்றேன்.

"புண்ணுக்கு மருந்து கட்டுற இடம்" என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல. நாலாவது விரல் மட்டும் மடங்காமல் நின்றது. அந்த விரல் மெதுவாக என் தோளுக்குப் பின்னால் நீண்டது.

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் என் மேஜை. மேஜையின் மேல் நீலப் பாட்டில்.

இந்த வேலையில் நான் சேர்ந்த அன்று, புது இடம், எவன் எவன் உட்கார்ந்த மேஜையோ என்று அவர் பையில் வைத்து அனுப்பியது. தீரத் தீர அவரே நிரப்பிக் கொடுத்தார். நல்ல வாசனை என்று நானும் தினமும் காலையில் தெளித்துத் துடைத்து, அதன் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்தேன். கிருமியை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஊரில் உள்ள கதவுப் பிடிகளையெல்லாம் சந்தேகப்பட்டேன். என் மூக்குக்குக் கீழே இருந்ததை ஒரு நாள்கூடச் சந்தேகப்படவில்லை.

தராசம்மா என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டு வளர்க்கும் அறைக்குள் என் மேஜைச் சாமான் எதுவும் போனதில்லை, தேய்க்காத குச்சியின் தட்டும் சுத்தமாக இருந்தது, அதனால் கணக்கு தப்பவில்லை என்று முதலில் தனக்குத்தானே சொல்லி உறுதி செய்துகொண்டார். பிறகு ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"உன் மேஜையையும் தேய்ச்சுக் குடு. நீயே எண்ணாத. நான் எண்றேன்."

அத்தை அதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். செருப்பை மாட்டாமலே படியிறங்கினார். நான் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தையல் பள்ளிப் பாட்டில் காய்ந்து போய்ப் பரணில் கிடந்தது. நூலகத்துப் பாட்டில் பாதி இருந்தது. வாட்ச்மேன் மனைவி திருப்பிக் கொடுக்க மனமில்லாமல், ஏன் அக்கா, வேறு யாருக்காவது கொடுக்கவா என்று கேட்டாள். அத்தை அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். கிளினிக் வாசலுக்கு வந்ததும் அவருடைய கால்கள் நின்றுவிட்டன. நீ கேள் என்று கண்ணால் என்னைக் கெஞ்சினார்.

சிநேகிதி எங்களைக் கண்டதும் சந்தோஷமாக வந்தாள். மருந்து கட்டும் அறைக்கு நர்ஸ் தனியாக வேறு மருந்து வைத்திருக்கிறாள், அங்கே தன்னை விடுவதே இல்லை என்று குறைபட்டுக்கொண்டாள். அத்தை சுவரில் சாய்ந்துகொண்டார். ஆனால் நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சை மட்டும் கண்ணாடியம்மாவின் மருந்தில்தான் துடைப்பாளாம், இரண்டு வருடமாக. பெஞ்சில் ஒரு கிழவர் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் அந்தப் பெஞ்சில் யார் யார் உட்கார்ந்தார்கள், யாருடைய புண் ஆற நாளானது என்று இனி எந்தத் தட்டிலும் அளக்க முடியாது. நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எங்களைத் திட்டவில்லை. உடனே பெஞ்சிலிருந்தவர்களை எழுப்பி நிறுத்தினாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று சாயங்காலம் மேனேஜர் போன் செய்தார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. பதினொரு வருட மனுஷி, மூன்றாம் மாடியை விட்டுவிட்டு மற்ற ஐந்து மாடிக் கணக்கை மட்டும் கூட்டத்தில் வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது, ஆறு குடும்பம் பிழைக்கும் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். தராசம்மா சம்மதிக்க மாட்டார் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"ஐயா, எனக்குத் தெரியாம நாலு பேருக்குக் குடுத்துட்டேன். தெரிஞ்சும் மறைச்சா, நாலு கட்டடத்துக்குக் குடுத்த மாதிரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஆபீஸ்காரர்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தராசம்மா எண்களை வாசித்தார். ஐந்து மாடிகள் எண்பதைத் தாண்டியிருந்தன, நாலாவது மாடி மயிரிழையில். மூன்றாவதை வாசித்ததும், அச்சுப்பிழையா என்று ஒருவர் கேட்டார். பின்வரிசையில் சுவரோரம் நின்றிருந்த அத்தை, இல்லை என்று சொல்லிக்கொண்டு முன்னால் வந்தார். நீலப் பாட்டிலைப் பையில் போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதை மேஜை மேல் வைக்காமல் கையில் தூக்கிப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். உறை, பாதி மருந்து, ஆறு வருடம், வாசனை. வாசனை என்றதும் மூன்றாம் மாடி வக்கீல் ஒருவர் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். நேற்று வரை அந்த வாசனையைத் தன் கட்சிக்காரர்களிடம் பெருமையடித்தவர்.

"தப்பு என் ஒருத்தியோடது. மத்த அஞ்சு பேரும் தேறிட்டாங்க. என்னை அனுப்பிட்டு அவங்களை வெச்சுக்கங்க" என்றார் அத்தை.

மேனேஜர் தராசம்மாவிடம் கேட்டார். பாட்டிலை மாற்றி, மருந்தை அளவோடு கலந்து, இதே அம்மா துடைத்தால் மூன்றாம் மாடி என்ன ஆகும்?

"தெரியாது. அளந்தாத்தான் தெரியும்" என்றார் தராசம்மா.

அன்று மதியமே அளந்தோம். புதுப் பாட்டில், புதுத் துணி, கேனில் எழுதியிருந்த அளவு. அத்தையின் கையில் துணி எட்டாகத்தான் மடிந்தது. என்னைக் குச்சியைத் தொடவிடாமல் தராசம்மாவே எடுத்தார்.

சனிக்கிழமை மதியம் தட்டுகள் தயார். லிஃப்ட் பொத்தானில் முன்பு நாற்பத்தெட்டு, பின்பு ஒன்று. குடிதண்ணீர்க் குழாயில் முன்பு அறுபத்தாறு, பின்பு இரண்டு. ஆறு மாடிகளிலும் அதைவிடக் குறைந்த எண் இல்லை. அதே கைதான். அதே துடைப்புதான்.

கமிட்டி ஆறு பேரையும் வைத்துக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. தினமும் வேலை முடிந்ததும் எல்லாப் பாட்டில்களையும் கடைசிச் சொட்டு வரை கொட்டிக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். அதை ஒருவர் பொறுப்பாக நின்று பார்க்க வேண்டும். அதற்கு யார் சரி என்று மேனேஜர் கேட்டபோது அத்தையே ஆளைச் சொன்னார். கொட்டுகிற வேலையை மட்டும் ஒரு நாளும் நாளைக்கு என்று தள்ளாதவர் கட்டடத்தில் ஒருவர்தான் இருந்தார்.

ஒரு பாட்டிலைத் தராசம்மா சீல் வைத்து வாங்கிக்கொண்டார். திரட்டி வந்த மற்ற பாட்டில்களும், என் மேஜையில் இருந்ததும், அன்று சாயங்காலம் மூன்றாம் மாடிக் கழிவறைத் தொட்டியருகே வரிசையாக நின்றன. கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு, காரமான வெளுப்பு மருந்தை முதலில் விட்டு, அத்தைதான் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். 'நாளைக்கு' கொஞ்சம் தள்ளி, புதுப் பதவியின் மிடுக்கோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகமூடி அவர் தாடையில் தொங்கியது.

கடைசிப் பாட்டில் கவிழ்ந்தபோது, அத்தனை மருந்தின் நெடியையும் மீறி ஒரு நொடி அந்த இனிப்பு எழுந்தது.

'நாளைக்கு' கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்தார்.

"என்ன இருந்தாலும் அக்கா, வாசனை நல்லாத்தானே இருக்கு?"

அத்தை கையை நீட்டி முதலில் அவர் முகமூடியை மூக்கு வரை இழுத்துவிட்டார். பிறகு குழாயை முழுக்கத் திறந்தார்.